பேசிக்கொண்டே ஓடுங்கள்!

தேகாப்பியாசம் என்று சொன்னதும் நம்மில் பலருக்கு இரண்டு பேர்தான் மனக்கண் முன் தோன்றுவார்கள். ஒருவர், கர்லாக் கட்டையைச் சுழற்றிவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கும் பயில்வான். மற்றொருவர், வருஷப் பிறப்பன்று அதிகாலையில் புதுப் பாதரட்சை அணிந்து ஓட்டமாய்ப் புறப்பட்டு, நான்காம் நாள் முழங்கால் வலியுடன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடும் கனவான். முதல்வரைப் பார்த்து, "இது நமக்கு ஆகிற காரியமில்லை" என்கிறோம். இரண்டாமவரைப் பார்த்து, "நல்ல வேளை, நாம் ஆரம்பிக்கவே இல்லை!" என்று ஆறுதல் அடைகிறோம்.

இந்த இருவருக்கும் நடுவே சாமானிய மனிதர்களுக்கென்று ஒரு ராஜபாட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து உலகத்துக்குக் காட்டியவர் பிரபல வைத்தியரும் அல்லர். சர்வகலாசாலைப் பண்டிதரும் அல்லர். நியூஸிலாந்து தேசத்தில் ஆக்லந்து நகரில், பாதரட்சை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து வந்த ஒரு மனிதர். அவர் பெயர் ஆர்தர் லிடியார்டு. ஒலிம்பிக் வீரர்களுக்கு என்ன பாடம் சொன்னாரோ, அதே பாடத்தை இருதய நோயால் அவதிப்பட்ட நடுத்தர வயதினருக்கும் சொன்னார் என்பதுதான் அவரிடம் உள்ள விசேஷம்.

ரோமாபுரியில் ஒரு மாலை

1960-ம் வருஷத்து ரோமாபுரி ஒலிம்பிக் பந்தயங்கள் என்றால் நம் தேசத்தாருக்கு மில்கா சிங்கின் ஞாபகந்தான் வரும். 400 மீட்டர் ஓட்டத்தில், பத்தில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலப் பதக்கத்தை இழந்து அவர் நான்காவதாக வந்ததை எண்ணி இன்றைக்கும் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. அது நடந்தது ஸெப்டம்பர் 6-ந் தேதி. அதற்கு நான்கு நாள் முன்னால், அதே மைதானத்தில், உலகம் எதிர்பாராத வேறொரு விந்தை நடந்தது.

ஸெப்டம்பர் 2-ந் தேதி 800 மீட்டர் இறுதிப் பந்தயம். ஜயிக்கப் போகிறவர் பெல்ஜியம் தேசத்து ரோஜர் மோன்ஸ் என்று பலரும் எண்ணியிருந்தார்கள். உலக ரிக்கார்டு அவர் பெயரில் இருந்தது. ஆனால் கடைசிச் சில அடிகளில் அவரை முந்திக்கொண்டு போனவர், 21 வயதான பீட்டர் ஸ்னெல் என்ற நியூஸிலாந்து வாலிபர். "யார் இவர்?" என்று பத்திரிகை நிருபர்கள் விசாரித்து முடிப்பதற்குள், ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே, 5,000 மீட்டர் பந்தயத்திலும் மற்றொரு நியூஸிலாந்துக்காரர் தங்கப் பதக்கம் பெற்றார். அவர் மர்ரே ஹால்பர்க். இளம் வயதில் ரக்பி விளையாட்டில் நேர்ந்த விபத்தால் அவருடைய இடது கை சூம்பிப் போயிருந்தது. மூன்று சுற்றுக்கள் மீதி இருக்கும்போதே மற்றவர்களை விட்டுப் பிரிந்து, தன்னந்தனியாக ஓடி முடித்து, புல்தரையில் சாய்ந்தார். சில தினங்களுக்குப் பிறகு நடந்த மராத்தான் ஓட்டத்தில் பாரி மாகீ என்பவர் மூன்றாவதாக வந்தார்.

அப்போது நியூஸிலாந்தின் ஜனத்தொகை சுமார் 24 லட்சந்தான். இந்த மூன்று பேரும் ஆக்லந்து நகரில் லிடியார்டு என்னும் ஒரே ஆசானிடம் பயின்றவர்கள்!

தம்மையே சோதித்துக்கொண்டவர்

லிடியார்டு ஆரம்பத்தில் ஓட்டக்காரர் அல்லர், ரக்பி ஆடுகிறவர். தமது தேகம் நல்ல திடகாத்திரமாய் இருப்பதாகத்தான் எண்ணியிருந்தார். ஒரு நாள், தம்மைவிட வயதில் மூத்த நண்பர் ஒருவர் அவரை ஐந்து மைல் ஓட்டத்துக்கு அழைத்துப் போனார். நண்பர் சாவதானமாக ஓடி முடித்தார். லிடியார்டுக்கோ மூச்சு முட்டி, நெஞ்சு துடித்து, கால்கள் பின்னிக்கொண்டன. "இப்போதே இப்படி என்றால், நாற்பத்தேழு வயதில் நம் கதி என்ன?" என்ற கேள்வி அவர் மனத்தில் எழுந்தது.

நம்மில் யாருக்கும் மாடிப்படி ஏறும்போது இந்தக் கேள்வி எழத்தான் செய்கிறது. மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதை மறந்துவிடுகிறோம். லிடியார்டு மறக்கவில்லை. ஏறக்குறைய பத்து வருஷ காலம் தம் சரீரத்தையே பரிசோதனைச் சாலையாக வைத்துக்கொண்டார். மிகவும் வேகமாக ஓடிப் பார்த்தார். மிகவும் மெதுவாக ஓடிப் பார்த்தார். வாரத்துக்கு இருநூறு மைலுக்கு மேலும் ஓடிப் பார்த்தார். எது தேகத்தை வளர்க்கிறது, எது தேகத்தைக் குலைக்கிறது என்று கணக்கு வைத்துக்கொண்டார். 1953-லும் 1955-லும் நியூஸிலாந்தின் மராத்தான் சாம்பியன் ஆனார். அக்கம் பக்கத்து வாலிபர்கள் தாமாகவே அவரைப் பின்பற்றி ஓடத் தொடங்கினார்கள். அவர்களிலிருந்துதான் ரோமாபுரி வீரர்கள் தோன்றினார்கள்.

அவர் வகுத்த திட்டத்தைக் கேட்டு மற்ற ஆசான்கள் நகைத்தார்கள். 800 மீட்டர் பந்தயம் இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குத் தயாராகும் ஸ்னெல்லையும், மராத்தான் ஓடுகிறவர்களோடு சேர்த்து, வாரத்துக்குச் சுமார் 100 மைல் ஓடச் சொன்னார் லிடியார்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் வைடாகரே மலைப் பாதைகளில் 22 மைல் ஓட்டம். "இரண்டு நிமிஷ வேலைக்கு இரண்டு மணி நேரப் பயிற்சியா?" என்று கேட்டவர்களுக்கு 1962-ம் வருஷத்தில் ஸ்னெல் பதில் சொன்னார். முந்திய டிஸம்பரில் ஒரு முழு மராத்தான் ஓடிவிட்டு, ஜனவரி 27-ந் தேதி வாங்கனூயி என்னும் ஊரில், புல்தரையில், ஒரு மைல் ஓட்டத்தில் 3 நிமிஷம் 54.4 விநாடி என்ற உலக ரிக்கார்டை ஏற்படுத்தினார். ஒரு வாரம் கழித்து 800 மீட்டர் ரிக்கார்டும் அவர் வசமாயிற்று. 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 800 மீட்டர், 1,500 மீட்டர் இரண்டிலும் அவருக்கே தங்கப் பதக்கம்.

சிறுகச் சிறுகச் சேமிப்பு

மெதுவாக நெடுந்தூரம் ஓடினால் வேகம் எப்படி வரும்? இதில் மாயம் ஒன்றுமில்லை.

தலைதெறிக்க ஓடும்போது, தசை நார்கள் கேட்கும் பிராண வாயுவைச் சுவாசம் கொடுத்துத் தீராது. அப்போது சரீரம் கடன் வாங்கிச் செலவு செய்கிறது. மூச்சு இரைப்பதும், கால்கள் கனத்துப்போவதும் கடன்காரன் வாசலில் வந்து நிற்பதற்கு அடையாளம். நிதானமாக ஓடும்போதோ, வரவும் செலவும் சரிக்கட்டிப் போகின்றன. இவ்விதம் நெடுநேரம் தினந்தோறும் ஓடுகிறவனின் இருதயம், ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை வெளியே தள்ளப் பழகுகிறது. அதனால் சும்மா இருக்கும்போது நாடித் துடிப்புக் குறைகிறது. தசைகளுக்குள்ளே மயிரிழை போன்ற நுண்ணிய இரத்தக் குழாய்கள் புதிதாகக் கிளைக்கின்றன. உயிரணுக்களுக்குள் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய அடுப்புகள் பெருகுகின்றன. கொழுப்பை எரித்துச் சக்தி பெறும் சாமர்த்தியம் வளர்கிறது. இந்த மூலதனத்தைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகுதான் மேடேறும் பயிற்சியும், கடைசியாக வேகப் பயிற்சியும். அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டுகிறவனுக்கு என்ன நேரும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

ஓடும் வேகம் சரியானதா என்று அறிய லிடியார்டு கடிகாரத்தைத் தேடச் சொல்லவில்லை. பக்கத்தில் ஓடுகிறவரோடு சௌகரியமாகப் பேசிக்கொண்டு போக முடிகிறதா? அப்படியானால் வேகம் சரி. வார்த்தை துண்டு துண்டாக வருகிறதா? அப்படியானால் வேகம் அதிகம். "பயிற்சி செய், வருத்திக்கொள்ளாதே" என்பதுதான் அவருடைய சூத்திரம். இன்றைக்கு வைத்தியர்களும் இந்தப் 'பேச்சுப் பரீட்சை'யை ஒப்புக்கொள்கிறார்கள்.

மூன்று முறை மாரடைப்புக் கண்ட கிழவர்

ஒரு காலத்தில் மாரடைப்புக் கண்டவரை வாரக் கணக்கில் கட்டிலில் கிடத்தி வைப்பதே வைத்திய சாஸ்திரமாய் இருந்தது. எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும், "மாடிப்படி ஏறாதே, வேகமாக நடக்காதே" என்ற எச்சரிக்கை ஆயுள் முழுவதும் கூட வரும். அவர்கள் யமனுக்குப் பயந்துகொண்டே மிச்ச வாழ்நாளைக் கழித்தார்கள்.

1960-களின் ஆரம்பத்தில் லிடியார்டு, இப்படிப்பட்டவர்களும் தொந்தி பருத்த வியாபாரிகளும் அடங்கிய ஒரு கூட்டத்தாருக்குப் பயிற்சி கொடுக்க முன்வந்தார். ஆக்லந்தில் மெல்லோட்டக்காரர்களின் சங்கம் ஒன்று தோன்றியது. தங்கப் பதக்க வீரனுக்கும் இவர்களுக்கும் தூரத்தில்தான் வித்தியாசம், தத்துவம் ஒன்றேதான். முதல் நாள் சில நூறு அடிகள், பிறகு நடை, பிறகு மீண்டும் மெல்லோட்டம். யாரும் யாரோடும் போட்டி போடக் கூடாது.

1962-ம் வருஷக் கடைசியில் அமெரிக்காவிலிருந்து பில் பௌவர்மன் என்பவர் ஆக்லந்துக்கு வந்தார். அவர் ஆரிகன் சர்வகலாசாலையின் ஓட்டப் பயிற்சி ஆசான். லிடியார்டு அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கார்ன்வால் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார். ஆணும் பெண்ணும், சிறுவரும் கிழவருமாக அங்கே கூடியிருந்த ஜனங்களைப் பார்த்து, இவர்களோடு ஓடுவது நமக்கு என்ன பிரமாதம் என்று பௌவர்மன் எண்ணினார். அவருக்கு அப்போது வயது 51. முதல் மேட்டிலேயே கூட்டம் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. எழுபது வயதைக் கடந்த கிழவர் ஒருவர் மட்டும் அவர்மேல் இரக்கம் கொண்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே துணைக்கு வந்தார். பௌவர்மனால் பதில் பேச முடியவில்லை, மூச்சு வாங்கியது! அந்தக் கிழவர் மூன்று முறை மாரடைப்புக் கண்டு பிழைத்தவர் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

வேறொருவராய் இருந்தால் இந்த அவமானத்தை மறைத்திருப்பார். பௌவர்மன் ஊருக்குத் திரும்பியதும் அதையே பிரசாரம் செய்தார். யூஜீன் நகரத்து ஜனங்களைத் திரட்டி மெல்லோட்ட வகுப்பு நடத்தினார். இருதய வைத்தியர் வால்டோ ஹாரிஸுடன் சேர்ந்து 1967-ல் அவர் வெளியிட்ட புத்தகம் அமெரிக்கா முழுவதும் பரவியது. அதன் பிறகுதான் அந்தத் தேசத்து வீதிகளில் 'ஜாகிங்' என்பது கண்டவர் சிரிக்கும் காரியமாய் இல்லாமல், நித்தியானுஷ்டானம் ஆயிற்று.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

"ஓடினால் மட்டும் போதுமா? என்ன சாப்பிடுவது?" என்று வீட்டு எஜமானிகள் கேட்பது நம் காதில் விழுகிறது. இதற்கு நியூஸிலாந்திலிருந்து கடலைத் தாண்டி ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும்.

மெல்போர்ன் நகரத்துத் தபால் இலாகா உத்தியோகஸ்தர் பெர்ஸி செருட்டி, 1939-ல், நாற்பது வயதைக் கடந்த நிலையில், நரம்புத் தளர்ச்சியால் அடியோடு ஒடிந்து போனார். ஆகாரத்தை மாற்றி, மெள்ள நடந்து, பிறகு ஓடி, தம்மைத் தாமே மீட்டுக்கொண்டார். போர்ட்ஸி என்ற கடற்கரையில் மணல் மேடுகளுக்கு நடுவே பயிற்சி முகாம் நடத்தினார். அவருடைய சீடர் ஹெர்ப் எலியட், நம் மில்கா சிங் ஓடிய அதே ஸெப்டம்பர் 6-ந் தேதி, 1,500 மீட்டர் பந்தயத்தில் 3 நிமிஷம் 35.6 விநாடி என்ற உலக ரிக்கார்டுடன் ஜயித்தார். செருட்டியின் முகாமில் காலை ஆகாரம் என்ன தெரியுமா? வேக வைக்காத ஓட்ஸ் அவல், கோதுமை முளை, உலர்ந்த திராட்சை, வாதுமைக் கொட்டை வகைகள், வாழைப்பழம். வெள்ளை ரொட்டியும் வெள்ளைச் சர்க்கரையும் அவருக்கு ஜன்ம சத்துருக்கள்.

செருட்டியின் கொள்கைகள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இயற்கையான தானியத்தின் பெருமையை விஞ்ஞானிகளும் பிற்பாடு நிரூபித்தார்கள். மாவுச் சத்தைச் சரீரம் கிளைக்கோஜன் என்ற உருவத்தில் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கிறது. 1967-ல் ஸ்வீடன் தேசத்தில் இதைப் பற்றி ஒரு பிரசித்தமான பரிசோதனை நடந்தது. மாவுச் சத்து மிகக் குறைந்த ஆகாரம் உண்டவர்கள் கடுமையான உழைப்பைச் சராசரி 57 நிமிஷம் தாங்கினார்கள். கலப்பான சாதாரண ஆகாரம் உண்டபோது 114 நிமிஷம். மாவுச் சத்து மிகுந்த ஆகாரம் உண்டபோது 167 நிமிஷம். உழைக்கிறவனுக்குச் சோறு சத்துரு அல்ல என்பது இதனால் விளங்கும். நாள் முழுவதும் நாற்காலியை விட்டு எழாதவன் உழவன் அளவு சோறு உண்பதுதான் தவறு.

ஓட்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமென்பதில்லை. தவிடு முற்றும் போகாத அரிசி, கேழ்வரகு, கம்பு, பயறு, சுண்டல், கீரை, பழம் இவற்றில் இல்லாதது ஒன்றும் போர்ட்ஸி முகாமில் இல்லை. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாகவும், காய்கறியும் பழமும் சேர்ந்து 400 கிராமுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். ஊறுகாயையும் அப்பளத்தையும் இரண்டாம் முறை கேட்கும் கணவன்மார்கள் இதைக் கவனிப்பார்களாக.

தண்ணீர் விஷயத்திலும் மிதம் வேண்டும். தாகத்துக்குக் குடிக்க வேண்டியதுதான். ஆனால் தாகம் இல்லாமலே குடம் குடமாய்க் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து ஆபத்து நேரலாம். 2002-ல் பாஸ்டன் மராத்தான் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்கு இந்தக் குறை இருந்தது.

ஸ்திரீகளுக்கு ஒரு வார்த்தை

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஸ்திரீகள் 800 மீட்டர் ஓடினார்கள். சிலர் களைத்துப் போனதைப் பார்த்து, 'இது பெண்களின் தேகத்துக்கு ஏற்றதல்ல' என்று பெரிய மனிதர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பந்தயம் மறுபடி வருவதற்கு 32 வருஷம் ஆயிற்று. அதுவும் ரோமாபுரியில்தான் வந்தது. ஸ்திரீகளுக்கு மராத்தான் ஓட்டம் 1984-ல்தான் ஒலிம்பிக்கில் கிடைத்தது. தீர்ப்புச் சொன்னவர்கள்தான் தோற்றார்கள்.

வீட்டு வேலையே போதும் என்று எண்ணும் சகோதரிகளுக்கு நாம் சொல்வது இதுதான்: அடுக்களை வேலையில் களைப்பு உண்டு, ஆனால் தொடர்ந்து சுவாசத்தை வளர்க்கும் பயிற்சி பெரும்பாலும் இல்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்ணும் வழக்கத்தால் இரத்தசோகையும் சேர்ந்துகொள்கிறது. கீரையும் பயறும் உண்ணும்போது எலுமிச்சம்பழச் சாறு சேர்த்துக்கொண்டால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு காப்பி குடித்தால் அது தடைப்படும். காப்பியை விடச் சொல்லும் துணிச்சல் நமக்கு இல்லை. ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் விண்ணப்பம் செய்துகொள்கிறோம்.

எப்படி ஆரம்பிப்பது?

லிடியார்டின் முறை மிகச் சுலபமானது. மைலை எண்ணாதீர்கள், நிமிஷத்தை எண்ணுங்கள். வீட்டை விட்டுப் புறப்பட்டு ஐந்து நிமிஷம் மெதுவாகப் போங்கள், திரும்பி வாருங்கள். திரும்புவதற்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்றென்றால், போகும்போது அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஓட முடியாதவர்கள் வேகமாய் நடக்கலாம். சில வாரங்களில் ஐந்து பத்தாகும், பத்து பதினைந்தாகும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரையில் மிதமான அப்பியாசம் வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் கூறியிருக்கிறது. நாளொன்றுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்றால் கணக்குச் சரியாகிவிடும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். அமெரிக்காவில் ஜிம் ஃபிக்ஸ் என்பவர் 35-வது வயதில் ஓடத் தொடங்கி, புகையிலையை விட்டு, உடல் இளைத்து, 1977-ல் ஓட்டத்தைப் பற்றிப் புகழ்பெற்ற புத்தகம் எழுதினார். 1984-ல், 52-வது வயதில், ஓடும்போதே இறந்து போனார். இருதயத்தின் இரத்தக் குழாய்கள் வெகுவாய் அடைபட்டிருந்தன. அவருடைய தகப்பனாரும் இருதய நோயால் 43-வது வயதிலேயே இறந்தவர். ஓட்டம் சிறந்த காப்புத்தான். ஆனால் மந்திரத் தாயத்து அல்ல. குடும்பத்தில் இருதய நோய் உள்ளவர்களும், நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் வைத்தியரைக் கலந்துகொண்டே ஆரம்பிக்க வேண்டும். நெஞ்சில் வலியோ இறுக்கமோ கண்டால் வீரம் பாராட்டாமல் நின்றுவிட வேண்டும்.

லிடியார்டு 2004-ல் காலமானபோது அவருக்கு வயது 87. அப்போதும் அவர் வீட்டு மூலையில் முடங்கியிருக்கவில்லை. அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று ஓட்டத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். நாற்பத்தேழு வயதில் நம் கதி என்ன என்று கவலைப்பட்டவருக்கு, காலம் அளித்த பதில் அதுதான்.

பதக்கம் வாங்குகிறவர்கள் எந்தத் தேசத்திலும் விரல் விட்டு எண்ணக் கூடியவர்களே. ஒரு தேசத்தின் தேகபலத்தை அவர்களைக் கொண்டு அளக்க முடியாது. அதிகாலையில் அதன் வீதிகளிலும் குளக்கரைகளிலும் மைதானங்களிலும் எத்தனை தகப்பன்மார்களும் தாய்மார்களும் பாட்டன்மார்களும் நடமாடுகிறார்கள் என்பதைக் கொண்டுதான் அளக்க வேண்டும். நாளைக் காலையில் நேயர்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளட்டும். தனியாகப் போக வேண்டாம்; பேச்சுத் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். நம்மவர்களுக்கு ஓடத் தெரியுமோ தெரியாதோ, பேசத் தெரியாது என்று இதுவரையில் யாரும் சொன்னதில்லை!